காய் வெந்த தண்ணீர்

வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட்டு வைக்கக் கூடாது, அம்மா. ஒன்றின் மூச்சு மற்றதற்கு ஆகாது. கிழங்கு சீக்கிரம் முளைவிட்டுவிடும். நீங்கள் வரும்வரை என்னை உங்கள் ஸ்டேஷனின் பின்னறையில் உட்காரச் சொன்னார்கள். டீ போடுகிற மேடைக்குக் கீழே அப்படி ஒரு கூடை இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது, பிரித்து வைத்துவிட்டேன். முளைவிட்ட கிழங்குகளை ஜன்னலோரம் தனியாக வைத்திருக்கிறேன். முளையைக் கிள்ளிப் போட்டுவிட்டு இன்றே சமைத்துவிடச் சொல்லுங்கள்.

டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டீர்கள். போலீஸ் வேலையில் இருப்பவர்கள் அதையெல்லாம் கேட்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. கடவுள் உங்களை நன்றாக வைக்கட்டும்.

என் தம்பி இறந்துபோனது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளில் இதயம் நின்றுவிட்டது. அந்த நோயில் அப்படியும் நடக்கும் என்று டாக்டர் சொன்னார். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. கட்டடத்தில் இருந்த பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்த தாய்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டா" என்று அழுதார்கள். அவன் தின்ற சோற்றில்தான் அவன் சாவு இருந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும். நான்தான் சமைத்தேன். இன்று இங்கே நானாகவே வந்திருக்கிறேன். எதற்காக வந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சமையலிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

இன்றைக்கு என்ன சமைப்பது என்று மற்ற வீடுகளில் காலையில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். எங்கள் வீட்டில் அது கிடையாது. நான் அலமாரியைத் திறப்பேன், பிறகு ஃபிரிட்ஜைத் திறப்பேன். எது முதலில் கெடப்போகிறது என்று பார்ப்பேன். ஓரம் வாடிய கீரை, ஒரு பக்கம் கனிந்துவிட்ட தக்காளி, தோல் சுருங்கிய கேரட் என்று ஒவ்வொன்றாக மேடையில் எடுத்து வைப்பேன். அவை ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிற ஆட்களைப் போல என்னைப் பார்க்கும். யாருக்கு அவசரமோ அவர்களை முதலில் கூப்பிடுவேன். காய்ந்த ரொட்டியைப் பொடித்து சூப்பில் போடுவேன். மீந்த சோறு மறுநாள் கஞ்சியாகும். கீரையின் தண்டு, பட்டாணியின் தோல், முள்ளங்கியின் இலை எல்லாவற்றுக்கும் ஒரு இடம் வைத்திருந்தேன். இருப்பது தீர்ந்த பிறகுதான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவேன். வீட்டில் ஒரு பொருள் இருக்கும்போது இன்னொன்றை வாங்கி வருவது, கொடுத்தவனுடைய முகத்துக்கு நேரே கையை நீட்டி 'இது போதாது' என்று சொல்வது போல. அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடி, கொடுத்ததில் ஒரு பருக்கையும் வீணாகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று கடவுளிடம் சொல்லிவிட்டுத்தான் தீக்குச்சியை எடுப்பேன்.

காய் வெந்த தண்ணீரையும் நான் கொட்டியதில்லை. காயின் சாரமெல்லாம் அதில்தானே இறங்கியிருக்கிறது? வடித்து ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைப்பேன். மறுநாள் கஞ்சி அதில்தான் வேகும். தம்பி மகளை நான் அந்தக் கஞ்சியில்தான் வளர்த்தேன். சளி என்று ஒருநாள் படுத்ததில்லை.

தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஊரில் உள்ள பெரிய கட்டடங்களில் எல்லாம் அவன் கை பட்டிருக்கிறது; நாங்கள் குடியிருந்த கட்டடத்து லிஃப்ட் மட்டும் என்றைக்கும் பாதி வழியில் நிற்கும். அவன் மனைவி, குழந்தை சுவரைப் பிடித்து நடக்கிற வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று அமையவில்லை. ஒரு பெட்டியோடு அவன் வீட்டுக்கு வந்தேன். வந்த அன்றே சமையலறைக்குள் போய் அலமாரியைத் திறந்து பார்த்தேன். புழு வைத்த பருப்பு, கட்டிதட்டிய மாவு, பூசணம் பூத்த ரொட்டி. எல்லாவற்றையும் வெயிலில் போட்டுப் புடைத்து, சலித்து, சாயங்காலத்துக்குள் ஒரு சாப்பாடு செய்து வைத்தேன். தம்பி சாப்பிட்டுவிட்டு அழுதான். அன்றிலிருந்து அது என் சமையலறை.

அவன் என்னைக் கேலி செய்துகொண்டே இருப்பான். "எங்க அக்கா மழைத்தண்ணியக்கூட மடிச்சு டப்பால வெச்சுடுவா" என்பான். குழந்தைக்குச் சிட்டு என்று பெயர் வைத்தவனும் அவன்தான். சிட்டு வளர்ந்த பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். "அத்த, என்னையும் கெட்டுப்போறதுக்குள்ள கட்டிக் குடுத்துடுவீங்களா, இல்ல சூப்புல போட்டுடுவீங்களா?" என்று கழுத்தைக் கட்டிக்கொள்வாள். நானும் சிரிப்பேன். வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. அதையும் நான் இங்கே சொல்ல வேண்டும்; மறைத்துப் பேச நான் வரவில்லை.

சிட்டு படித்து, எக்ஸ்ரே எடுக்கிற வேலை கிடைத்து, தூரத்து நகரத்துக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் தம்பிக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. டயாலிசிஸ் என்று மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்களே, வாரம் தவறாமல் அதற்குப் போய்வந்தான்.

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டு முறை சொல்லித்தர ஒரு பெண் இருக்கிறாள். பெரிய கண்ணாடி போட்டிருப்பாள். தம்பி அவளைக் கண்ணாடிக்காரம்மா என்பான். பொறுமையான பெண். என்னை உட்காரவைத்து, "உங்க வீட்டுல இப்ப என்னென்ன இருக்கு, அத சொல்லுங்க மொதல்ல" என்று கேட்டாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. உருளைக்கிழங்கு, தக்காளி, கீரை, காய்ந்த பீன்ஸ், கருவாடு என்று சொன்னேன். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"இதுல பாதி அவருக்கு ஆகாதே, அக்கா. பொட்டாசியம்னு ஒரு சத்து. நமக்கு நல்லதுதான். அவருக்கு வெளிய போக வழியில்ல. சேந்துடுச்சுன்னா இதயத்த நிறுத்திடும்."

"இருக்கறத என்ன செய்யறது? தூக்கிப் போடவா?"

"வேணாம், வேணாம். கெழங்க பொடிசா நறுக்கி ஊற வைங்க. நெறைய தண்ணி ஊத்தி வேக வைங்க. வெந்த தண்ணியக் கொட்டிடுங்க. அதுல தொட்டுக்கக்கூடக் கூடாது. அவருக்கு அந்தத் தண்ணி விஷம்னு நெனச்சுக்கோங்க. எங்க, ஒரு தடவ திருப்பிச் சொல்லுங்க."

நான் திருப்பிச் சொன்னேன். பிழையில்லாமல் சொன்னேன் என்று அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அவளை விசாரித்தால் அவளும் இதைத்தான் சொல்வாள். அவள் மீது ஒரு குறையும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து கிழங்கை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்தேன். வடிதட்டை எடுத்துக்கொண்டு கழுவுகிற தொட்டிக்குமுன் நின்றேன். தண்ணீர் லேசான மஞ்சள் நிறத்தில் ஆவி பறக்க இருந்தது. நல்ல வாசனை. எனக்குக் கை வரவில்லை, அம்மா. ஊற்றினால் காவாயில்தானே போகும்? எனக்குத்தான் நோயில்லையே, நான் குடித்துக்கொள்கிறேன் என்று பாட்டிலில் ஊற்றி வைத்தேன். மறுநாள் காலையில், ஆண்டாண்டு காலப் பழக்கம், கை தானாகப் போய் அந்தப் பாட்டிலை எடுத்து அவனுக்கும் சேர்த்துக் கஞ்சி வைத்தது. அது தெரியாமல் செய்த தவறு. கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன்.

சாயங்காலம் அவனுக்குக் கை கால் மரத்துப்போய், நெஞ்சு தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது. மாடி வீட்டுத் தையல்காரிதான் ஆட்டோ பிடித்து வந்தாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினான். நான் காலில் விழாத குறையாக அழுதேன். அவன் சிரித்தான்.

"தண்ணியக் கொட்ட மனசு வரலியாக்கா?"

"இனிமே கொட்டிடறேன்டா. உம்மேல சத்தியம்."

"எம்மேல எதுக்கு? நானே அரை உசுரு. வேற யார்மேலயாவது பண்ணு."

அதற்குப் பிறகு நெடுநாள் நான் கொட்டினேன். ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கொட்டினேன்.

இதற்கிடையில் சிட்டு சோதனை செய்து பார்த்தாள். அவளுடைய சிறுநீரகம் அப்பாவுக்குப் பொருந்துகிறது என்று வந்தது. அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன். தம்பி அந்த நகரத்துக்குப் போய் அவளோடு தங்க வேண்டும். அவன் ரத்தத்தில் எல்லாம் சீராக இருந்தால்தான் கத்தி வைப்பார்கள். ஆபரேஷன் முடிந்துவிட்டால் அவனுக்கு மெஷின் வேண்டாம், பத்தியம் வேண்டாம், மறுபடி வேலைக்குக்கூடப் போகலாம். அவன் முகத்தில் நான் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. வாடகை வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் அன்றே சொல்லிவிட்டான்.

ஒரு கல்யாணமாகாத பெண், சின்ன வயசு, உடம்பைக் கீறி உறுப்பை எடுப்பார்கள். எனக்குக் கவலையாக இருந்தது. நான் வளர்த்த குழந்தை. அதற்காகத்தான் செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் அது மட்டும் இல்லை என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

சிட்டு ஒருநாள் போனில் பேசினாள். "அத்த, இங்க வந்துட்டா நீங்க அடுப்புப் பக்கமே போகக் கூடாது. கால நீட்டி உக்காந்து டிவி பாக்கணும். இங்க சமைக்க ஆள் வராங்க" என்றாள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சரி என்றேன். போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றேன். என்ன செய்யப் போனேன் என்பது மறந்துவிட்டது. எனக்கு இந்த வயதுவரை அப்படி மறந்ததில்லை.

பிறகு அப்பாவும் மகளும் போனில் தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் துணி எடுக்க வந்தபோது, "அக்காவுக்கு இப்பத் தெரிய வேணாம். போனதும் தெரிஞ்சுக்கட்டும்" என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு என்ன தோன்றும், சொல்லுங்கள். எங்கள் தெருமுனையில் வயதானவர்களை வைத்துப் பார்க்கிற விடுதி ஒன்று இருக்கிறது. வாசலில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மடியில் கையை வைத்திருப்பார்கள். அந்தக் கைகளுக்கு ஒரு வேலையும் இருக்காது. நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

அவனைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததே கிடையாது. பயணம் தள்ளிப்போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். கிளம்புகிற நாள் நெருங்கியபோது, கிழங்கு வெந்த தண்ணீரை நான் கொட்டவில்லை. கஞ்சியில் கொஞ்சம்போல் ஊற்றினேன். மறுபடி மரத்துப்போயிற்று, மறுபடி ஆஸ்பத்திரி. டிக்கெட்டை மாற்றினார்கள். வீட்டுக்காரரிடம் இன்னும் கொஞ்ச நாள் கேட்டார்கள். அவன் திரும்பி வந்ததும் நான் முன்பைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டேன். வெந்நீர் வைத்துக் கால் கழுவினேன். தலையணை உறையைத் தினமும் மாற்றினேன். அவன் உடம்பு தேறும். தேறினால் நாள் குறிப்பார்கள். நாள் குறித்தால் நான் அலமாரியைத் திறப்பேன். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

இதற்காக நான் ஒரு பொருளும் வெளியிலிருந்து வாங்கவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். கெட்ட எண்ணம் உள்ளவர்கள் மருந்துக் கடைக்குப் போவார்கள், யாரிடமாவது விசாரிப்பார்கள். நான் வீட்டில் இருந்ததைத்தான் சமைத்தேன். அந்தத் தண்ணீரைத்தான் நானும் குடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

தையல்காரி மட்டும் ஒருநாள் பார்த்துவிட்டாள். அவள் நல்லவள். தம்பிக்கு ஆப்பிள் சாப்பிடலாம் என்று கண்ணாடிக்காரம்மா சொல்லியிருந்தாள் அல்லவா, தோல் சீவி, துண்டு போட்டு, கிண்ணத்தில் மூடி எடுத்து வருவாள். நாள் முழுக்க மெஷின் மிதிக்கிறவளுக்கு எங்கே நேரம்? ஆனாலும் வருவாள். அன்று கிண்ணத்தை வைக்க ஃபிரிட்ஜைத் திறந்தவள் பாட்டிலைப் பார்த்துவிட்டாள்.

"இது என்னக்கா?"

"கெழங்கு வெந்த தண்ணி. செடிக்கு ஊத்தலாம்னு வெச்சேன்."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "செடிக்குத்தான? நான் ஊத்திடறேன், நீங்க எதுக்கு எழுந்துக்கிட்டு" என்று எடுத்துக்கொண்டு போய் பால்கனித் தொட்டிகளில் ஊற்றிவிட்டு, பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாள் காலையில் சரியாக நான் கிழங்கு வடிக்கிற வேளைக்கு வந்தாள். "செடி வாடியிருந்துச்சு" என்றாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், ஒரு வயதான பெண்ணை அவமானப்படுத்தாமல் ஒரு காரியத்தைத் தடுக்க இதைவிட மரியாதையான வழி இல்லை. அவள் வந்துபோன நாட்களில் தம்பி நன்றாகத் தேறினான். தெருமுனைவரை நடந்தான். பாட்டுக்கூடப் பாடினான். மறுபடி நாள் குறித்தார்கள். இந்தத் தடவை சிட்டுவே வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு.

அந்தச் சமயம் பார்த்துத் தையல்காரியின் தங்கைக்குப் பிரசவம். ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. கிளம்பும்போது வாசலில் நின்று, "அக்கா, நான் இல்லாதப்ப அந்தத் தண்ணிய நீங்களே செடிக்கு ஊத்திடணும், சரியா? ஊத்திடுவீங்கல்ல?" என்றாள். என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் ஊற்றிவிடுகிறேன் என்றேன்.

வீட்டைக் காலி செய்வதென்றால் சமையலறையையும் காலி செய்ய வேண்டும். அந்த வாரம் நான் திட்டம் போட்டுச் சமைத்தேன். எதையும் தூக்கிப் போடாமல், எதையும் வாங்காமல், கிளம்புகிற அன்று அலமாரி துடைத்தாற்போல் இருக்க வேண்டும். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். மாவு, அரிசி, எண்ணெய் எல்லாம் கணக்காகத் தீர்ந்துகொண்டு வந்தன. கடைசியில் நின்றவை தக்காளி, காய்ந்த பீன்ஸ், கீரை, கருவாடு, மூட்டையின் அடியில் கிடந்த கிழங்கு. அவனுக்கு ஆகாதவை என்று ஒதுக்கி ஒதுக்கி அவை மட்டும் மிஞ்சியிருந்தன. நான் மிச்சம் பிடித்து வைத்த தண்ணீரும் இருந்தது. தையல்காரி போன பிறகு அதைக் கொட்டவில்லை. சிறு தீயில் வைத்து வற்றவைத்திருந்தேன். இடம் அடைக்காமல் இருக்கட்டும் என்று.

கிளம்ப வேண்டிய நாளுக்கு முதல் நாள் மெஷின் கிடையாது. அதற்கு முந்தின நாளும் கிடையாது. அங்கே போனதும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். உடம்பில் சேருவது வெளியே போக வழியில்லாத நாட்கள் அவை. எனக்கு அது தெரியும். கண்ணாடிக்காரம்மா சொல்லித்தந்ததை நான் ஒரு வார்த்தை மறந்ததில்லை.

கிளம்புகிற அன்று காலையில் எழுந்து குளித்து, கண்ணை மூடி எப்போதும் சொல்வதைச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். பீன்ஸும் கிழங்கும் அந்தத் தண்ணீரிலேயே வெந்தன. தக்காளியைப் பிழிந்து, கீரையை அரிந்து போட்டு, கருவாட்டை வறுத்து உதிர்த்தேன். எல்லாம் ஒரே பாத்திரத்தில் சேர்ந்து கொதித்து வந்தபோது வாசனை மாடிப்படிவரை போயிருக்கும். இரண்டு வருஷமாக உப்பில்லாமல் சப்பென்று தின்றவன். மோப்பம் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றான். பெட்டியெல்லாம் கட்டி வைத்துவிட்டுப் புதுச் சட்டை போட்டிருந்தான்.

"என்னக்கா இது, எனக்கா?"

"உனக்குத்தான்."

"கண்ணாடிக்காரம்மா திட்டப் போறாங்க."

"இன்னைக்கு ஒரு நாள்தானடா. இங்க கடைசிச் சாப்பாடு."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு, எப்போதும் சாப்பிடுகிற ஸ்டூலில் உட்கார்ந்தான். "தண்ணியக் கொட்டிட்டியாக்கா?" என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன். கொட்டிவிட்டேன் என்றேன். அவன் சாப்பிட்டான். இன்னொரு கரண்டி கேட்டான். போட்டேன். தட்டை வழித்துவிட்டு, "உன் கைய விட்டுட்டு எங்க போய் என்னத்தத் திங்கப் போறேன்" என்றான். அவன் என்னிடம் பேசிய நல்ல வார்த்தைகளில் அது கடைசி.

தள்ளிப்போடத்தான் செய்தேன் என்று இதற்கும் சொல்லலாம். சொல்ல மாட்டேன். முந்தின தடவைகளில் ஊற்றியது எவ்வளவு, இந்தத் தடவை போட்டது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். சமைக்கிறவளுக்கு அளவு தெரியாமல் இருக்காது. அவன் ஸ்டூலைவிட்டு எழுந்து, படுக்கைக்குப் போய், உள்ளங்கை மரக்கிறது என்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துவிட்டேன். ஆட்டோவுக்கு ஆள் அனுப்பவா என்று கேட்டேன். பேச முடியாமல், அனுப்பு என்று தலையை ஆட்டினான். நான் ஆள் அனுப்பவில்லை. சிட்டு வருவதற்குள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அலமாரியைத் துடைத்தேன். ஒரு பருக்கை இல்லை.

நான்தான் அவனைக் கொன்றேன், அம்மா. பதறாமல் எழுதுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

இனி நான் வந்த காரியம்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, சிட்டு என் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "அத்த, நீங்க தனியா இங்க இருக்கக் கூடாது, எங்கூட வந்துடுங்க" என்றாள். அவள் எழுந்து போனை எடுத்து ஒரு படம் காட்டினாள். ஒரு சின்ன அறை. ஜன்னலோரம் புது அடுப்பு. சுவரில் அலமாரி, எல்லாம் தாழ்வாக, என் தோளுக்குமேல் கையைத் தூக்க வேண்டியிராத உயரத்தில். எனக்குத் தோள்பட்டை வலி உண்டு. பலகையெல்லாம் வெறுமையாக, துடைத்து வைத்திருந்தது.

"உங்களுக்குன்னு தனியா கட்டினது அத்த. அளவெல்லாம் அப்பா சொன்னது. அக்காவுக்கு அடுப்பு இல்லன்னா மூச்சு நின்னுடும்னு சொன்னாரு. போய் இறங்கினதும் பாக்கட்டும், அவ மூஞ்சிய நான் பாக்கணும்னு சொல்லாமலே வெச்சிருந்தாரு. அடுப்புப் பக்கம் போகக் கூடாதுன்னு நான் சொன்னதுகூட வெளையாட்டுக்குத்தான். உங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதேன்னு."

நான் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தேன். நல்ல வெளிச்சம். கிழங்குக்கு ஒரு பெட்டி, வெங்காயத்துக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். அவள் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். நான் அழுதிருக்கிறேன் போலிருக்கிறது.

விடிந்ததும் அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பி இங்கே வந்துவிட்டேன். எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. நான் அந்த வீட்டில் ஒரு பருப்பைக்கூட மறைத்து வைத்ததில்லை. எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தை, சமையலறை இருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை அவர்கள் சொல்லியிருந்தால் இன்று அவன் உயிரோடு இருப்பான். அப்பாவும் மகளும் சேர்ந்து ஒளித்தார்கள். அவன் போய்விட்டான், அவனைக் கேட்க முடியாது. அந்தப் பெண் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு ஏன் மறைத்தாய் என்று கேளுங்கள். வேண்டுமென்றால் நான் சாட்சி சொல்கிறேன்.